சியாங் மாயை சைக்கிளில் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்குத் தாய்லாந்தில் இருக்கும் சியாங் மாய்க்குப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தெரியாத ஊரில் சைக்கிள் எடுக்கத் தயங்குகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

எத்தனையோ ஊர் இருக்க, ஏன் சியாங் மாய்?

வழி தெரியாதவரைத் தொலையவிடாத ஊர் இது. 1296இல் மங்ராய் அரசர் இந்த நகரைச் சதுரமாகக் கட்டினார். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சதுரத்தைச் சுற்றிய அகழியில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. மதில் பெரும்பாலும் போய்விட்டாலும் நான்கு மூலைகளிலும் செங்கல் மேடாக மிச்சம் நிற்கிறது. உள்ளே எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும், ஏதாவது ஒரு திசையில் விடாமல் மிதித்தால் பத்து நிமிடத்தில் அகழிக்கரைக்கு வந்துவிடலாம். மேற்கே தோய் சுத்தேப் மலை. வானம் தெளிவாக இருந்தால் மலையைப் பார்த்தே திசை சொல்லிவிடலாம்.

அப்புறம், ஊர் தட்டையானது, பழைய நகருக்குள் ஏற்றமே கிடையாது. வண்டிகளும் நம் ஊர் போலவே இடதுபுறம் போகும். இந்த ஒன்றே நமக்குப் பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

முதல் நாள் எங்கே போகலாம்?

எங்கேயும் போக வேண்டாம். அகழியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், அது போதும். சுமார் ஆறரைக் கிலோமீட்டர்தான் வரும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு கிளம்புகிறவர்கள் முதல் நாள் முழுக்க போனைத்தான் பார்க்கிறார்கள். ஊரின் சட்டகம் முதலில் மனதில் ஏறிவிட்டால், மறுநாளிலிருந்து ஒவ்வொரு இடமும் தானாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

அகழிக்கு இரு பக்கமும் சாலை உண்டு, இரண்டும் ஒருவழி. வெளிப்பக்கச் சாலை கடிகாரச் சுற்றில் போகும், உட்பக்கச் சாலை அதற்கு எதிர்ச்சுற்றில். எதில் போனாலும் தண்ணீர் உங்கள் வலது கைப்பக்கம்தான். வெளிச்சாலையில் வண்டிகள் வேகமாக வரும், அதனால் உள்சாலையில் போங்கள். காலை ஏழு மணிக்கு முன்பு கிளம்பினால் சாலை கிட்டத்தட்ட உங்களுக்கே.

கிழக்கில் இருக்கும் தா பே வாசலில் தொடங்குங்கள். வடக்கு நோக்கிப் போனால் முதலில் வருவது சீ பூம் மூலை. மதில் கட்டும் வேலை இங்கேதான் தொடங்கியது என்பார்கள். இடது பக்கம் திரும்பினால் சாங் புவாக் வாசல், அதைத் தாண்டி வடமேற்கில் ஹுவா லின் மூலை. மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் ஒரு காலத்தில் இந்த மூலை வழியாகத்தான் நகருக்குள் வந்தது. மேற்கில் சுவான் டாக் வாசல். தென்மேற்கு மூலையில் குளமும் புல்வெளியுமாக ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அங்கே இறங்கித் தண்ணீர் குடித்து உட்காரலாம். தெற்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு வாசல்கள். முதலில் வரும் சுவான் ப்ருங் வழியாகத்தான் முன்பெல்லாம் இறந்தவர்களை வெளியே எடுத்துப் போவார்கள். அடுத்தது சியாங் மாய் வாசல். அதன் உட்புறம் காலைச் சந்தை நடக்கும். வாழையிலையில் பொட்டலம் கட்டிய சாதம், பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டு போட்ட குழம்பு, தாமரை மொட்டுக் கட்டு என்று வாங்கிக்கொண்டு வாசலிலேயே பிக்குகளுக்காகக் காத்திருப்பார்கள். இங்கே ஒரு காபி குடித்துவிட்டுப் போனால் கடைசி மூலை, திரும்பவும் தா பே.

பாதி வழியில் வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்தால்?

வாசல்களுக்கு நடுவே அகழியைக் கடக்கும் சின்னப் பாலங்கள் உண்டு. வண்டிகள் யூ-டர்ன் அடிக்கத்தான் அவை. அவற்றை எடுக்க சாலையின் வலது ஓரத்துக்கு வர வேண்டும், சைக்கிளுக்கு அதுதான் சிக்கல். வண்டி குறைவாக இருந்தால் கை காட்டி மெதுவாக மாறுங்கள். இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஒருவழியில் எதிர்த்து மட்டும் வராதீர்கள். ஊர்க்காரர்கள் ஸ்கூட்டரில் வருவதைப் பார்ப்பீர்கள், ஆனால் அவர்களுக்கு எந்தத் திருப்பத்தில் யார் வருவார்கள் என்று தெரியும்.

போக்குவரத்து ஆபத்தா?

தாய்லாந்து சாலை விபத்துகளுக்குப் பேர்போன நாடு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஆபத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

பழைய நகரின் உட்தெருக்களில் வண்டிகள் மெதுவாகத்தான் போகும். ஹார்ன் சத்தம் கேட்பதே அபூர்வம். நம் ஊரில் ஹார்னை நம்பி ஓட்டிப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும், பின்னால் வருகிறவர் சத்தம் கொடுக்கமாட்டார். ஒவ்வொரு முறை நகர்வதற்கு முன்பும் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

சைக்கிள்காரருக்கு இங்கே முக்கியமான தொந்தரவு சிவப்பு நிற சாங்தாவ். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கை போட்ட பிக்கப் வண்டி அது. ஷேர் ஆட்டோ மாதிரி போகிற வழியில் ஆள் ஏற்றும். யாராவது கை காட்டினால் உடனே இடது ஓரத்துக்கு வந்து நின்றுவிடும், நீங்கள் இருப்பதும் அதே இடது ஓரம். முன்னால் ஒரு சாங்தாவ் போனால் நல்ல இடைவெளி விடுங்கள். ஓரத்தில் யாராவது சாலையைப் பார்த்தபடி நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் வண்டியும் நிற்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓரமாக நிறுத்திய கார்களை ஒட்டி ஓட்ட வேண்டாம், கதவு திறக்கும். சாக்கடை மூடிகளில் கம்பி இடைவெளி நீளவாக்கில் இருந்தால் மெலிந்த டயர் உள்ளே இறங்கிவிடும். வரிக்குதிரைக் கோட்டில் வண்டி நிற்கும் என்று நம்பிக் கடக்க வேண்டாம்.

ஊரைச் சுற்றிப் போகும் சூப்பர் ஹைவேயையும் சுரங்கச் சாலைகளையும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். சைக்கிளுக்கு அங்கே வேலையே இல்லை.

சைக்கிளை எங்கே எடுப்பது? எதைப் பார்த்து எடுப்பது?

தா பே வாசலைச் சுற்றியும் பழைய நகரின் விடுதித் தெருக்களிலும் வாடகைக் கடைகள் நிறைய உண்டு. பல விடுதிகளே சைக்கிள் தரும். கூடை வைத்த சாதாரண சைக்கிளுக்கு நாளுக்குச் சுமார் 50 முதல் 100 பாட் வரை கேட்பார்கள், கியர் வண்டிக்குக் கூடுதலாகும். நகருக்குள் சுற்ற கியர் தேவையில்லை.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகலும் கொஞ்சம் முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. ஒத்துக்கொள்ளாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

எடுக்கும்போது இவ்வளவு பார்த்தால் போதும்: இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா, எந்தக் கை எந்தச் சக்கரத்துக்கு, டயரை விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, சீட் உங்கள் உயரத்துக்கு வருகிறதா. சீட் விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். நம்மில் பலர் காலைத் தரையில் முழுதாக ஊன்றும் அளவுக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அரை நாளில் முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், அந்த அளவுக்குச் சீட்டைத் தூக்குங்கள். பூட்டும் முன்விளக்கும் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னால் படமெடுத்து வைத்துக்கொண்டால் திருப்பித் தரும்போது பேச்சுக்கு இடமிருக்காது.

ஸ்கூட்டர் வசதியாக இருக்காதா?

தூரத்துக்கு ஸ்கூட்டர்தான் சரி. ஆனால் அதற்குச் செல்லுபடியாகும் இருசக்கர உரிமம் வேண்டும், காவல்துறைச் சோதனை அடிக்கடி உண்டு. உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடும் கைவிட்டுவிடக்கூடும். அதைவிட, இந்த ஊரின் சந்துகளில் ஸ்கூட்டர் கூட அதிக வேகம்தான். மதிலோரம் கூண்டில் தொங்கும் புறாவும் வாசலில் பூ கட்டும் அம்மாவும் கண்ணில் படாமலே கடந்து போய்விடும்.

எந்தெந்தக் கோயில்கள்? சைக்கிளை எங்கே விடுவது?

சதுரத்துக்குள் மூன்றைச் சொல்வேன். (வாட் என்றால் கோயில்.)

வாட் சியாங் மான்தான் மூத்தது. நகரைக் கட்டிக்கொண்டிருந்தபோது மங்ராய் தங்கிய இடத்தில் எழுந்தது என்பார்கள். பின்பக்கத்து ஸ்தூபியின் அடியில் பதினைந்து யானைகள் சுற்றிலும் பாதி உடல் வெளியே தெரிய நிற்கும். நகரம் பிறந்த நாளையும் நேரத்தையும் சொல்லும் 1581ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இங்கேதான். காலையில் போனால் கூட்டமே இருக்காது.

வாட் சேடி லுவாங் நடுநாயகமாக நிற்பது. சுமார் 80 மீட்டர் உயர்ந்திருந்த செங்கல் ஸ்தூபியின் உச்சி 1545ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்தது. இப்போது பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் ஒரு காலத்தில் இதன் கிழக்கு மாடத்தில்தான் இருந்தார். உடைந்த நிலையிலேயே பாதுகாத்திருக்கிறார்கள், உச்சியைத் திரும்பக் கட்டியிருந்தால் இவ்வளவு கம்பீரம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். சாயங்கால வெயில் மேற்குப் பக்கத்துச் செங்கல்லில் விழும் நேரத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வளாகத்திலேயே நகரத் தூண் மண்டபம் இருக்கிறது, அதற்குள் பெண்களை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது வாட் ப்ரா சிங். 1345இல் தொடங்கியது. அங்கே பெரிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்னால் இருக்கும் சின்ன லாய் காம் மண்டபத்தின் சுவரோவியங்களைப் பாருங்கள்.

சைக்கிளைக் கோயில் வாசலுக்குள் தள்ளிக்கொண்டு போகலாம், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மரத்தடியில் பூட்டிவிடலாம். தோளும் முழங்காலும் மறைய உடை வேண்டும். அரைக்கால் சட்டையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடையில் ஒரு வேட்டியோ துண்டோ வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

காலை ஆறு மணி வாக்கில் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். தானம் கொடுப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருப்பார், பிக்குகள் நின்று மந்திரம் சொல்வார்கள். அந்த நேரம் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நில்லுங்கள். நடுவே புகுந்து போவதும், முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படமெடுப்பதும் வேண்டாம்.

சந்துகளில் வழி தவறிவிடாதா?

தவறும், தவறட்டும். இங்கே சந்துகளை சோய் என்பார்கள். ஒரு தெருவிலிருந்து பிரியும் சோய்களுக்கு எண் போட்டிருப்பார்கள், ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. முட்டுச் சந்துகள் நிறைய. கடைசி வரை போய்த் திரும்பி வருவதில் ஒரு நஷ்டமும் இல்லை. தேக்கு வீட்டு முற்றம், தூணின் மேல் காவல் தெய்வத்துக்கான குட்டி வீடு, அதன் முன்னால் ஸ்ட்ரா போட்டு வைத்த சிவப்பு பானம், காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரங்கள் என்று ஊர் தன் போக்கில் இருப்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

போன் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வழியை அது சொல்லச் சொல்லப் போகாதீர்கள். நின்று பார்த்து, அடுத்த இரண்டு திருப்பத்தை மனதில் வைத்துக்கொண்டு போனைப் பையில் போடுங்கள்.

சதுரத்துக்கு வெளியே எங்கே போகலாம்?

எனக்குப் பிடித்தது தென்கிழக்கில் இருக்கும் வியாங் கும் காம். நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுமாருக்கு. மங்ராய் சியாங் மாய்க்கு முன்னால் கட்டிய தலைநகரம் இது. பிங் ஆற்றின் வெள்ளம் அடிக்கடி புகுந்ததால் கைவிட்டார். பின்னால் வந்த வெள்ளங்களில் வண்டல் மூடி, ஊர் இருந்த இடமே தெரியாமல் போய், 1984இல் தொல்லியல் துறை தோண்டிய பிறகே வெளியே வந்தது. கோயில் அடித்தளங்கள் இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே குழிக்குள் இருக்கும். சுற்றிலும் லாம்யாய் பழத்தோட்டம், வீடுகள், கோழிகள். ஒருவர் வீட்டுத் துணி காயும் கொடிக்குப் பக்கத்திலேயே எழுநூறு வருஷத்துச் செங்கல் படிக்கட்டு இறங்கும். இடிபாடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதால் நடந்தால் கால் ஓய்ந்துவிடும், காரில் போனால் பாதியைத் தவறவிடுவீர்கள். வாட் சேடி லியாமின் அடுக்கடுக்கான சதுர ஸ்தூபியை அடையாளமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து சந்து சந்தாகப் போங்கள்.

அங்கே போகும் வழியே ஒரு காட்சிதான். தா பே தெருவில் கிழக்கே போய், வாரோரோட் சந்தைப் பக்கம் ஆற்றைக் கடந்து, தெற்கே திரும்பினால் பழைய லாம்பூன் சாலை வரும். கொஞ்ச தூரத்தில் இரு பக்கமும் யாங் நா மரங்கள் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் நட்டவை. நேராக, கிளையே இல்லாமல் வெகு உயரம் போய் அங்கே குடை விரிக்கும். யாரும் வெட்டிவிடக் கூடாது என்று பிக்குகளை வைத்துச் சடங்கு செய்து, அடிமரத்தில் காவித் துணி சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் இருக்கும். சாலையில் வண்டிகள் உண்டு, சில இடங்களில் மரம் சாலைக்குள்ளேயே நிற்கும். கிளை விழக்கூடும் என்பதால் காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்தப் பக்கம் வேண்டாம். சாராபி என்ற ஊர் வரை போய்த் திரும்பலாம். தெம்பிருந்தால் அப்படியே லாம்பூனுக்கு, அதாவது நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மங்ராய் கைப்பற்றிய ஹரிபுஞ்சய ராஜ்யத்தின் தலைநகரம் அது.

தோய் சுத்தேப் கோயிலுக்கு மிதித்தே ஏறலாமா?

வாடகைக் கூடை சைக்கிளில் வேண்டாம். அடிவாரத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், எழுநூறு மீட்டர் ஏற்றம், வளைவுகளில் சுற்றுலா வண்டிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம், மட்டமான பிரேக் தாங்காது. நல்ல கியர் வண்டியும் பழக்கமும் உள்ளவர்கள் விடியற்காலையில் ஏறுகிறார்கள். மற்றவர்கள் அடிவாரம் வரை போய் குருபா சிவிச்சாய் துறவியின் சிலையைப் பார்க்கலாம். 1934 நவம்பரில் தொடங்கி 1935 ஏப்ரலுக்குள் ஊர் மக்களைக் கொண்டே இந்த மலைச்சாலையைப் போட்டவர் அவர். அங்கிருந்து மேலே சாங்தாவில் போய் வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து ஜனவரி வரை. காலையில் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகை பள்ளத்தாக்கில் தங்கிவிடும். மலையே தெரியாத நாட்கள் உண்டு, அந்த நாட்களில் சைக்கிள் ஓட்டுவது நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மாதங்களில் போகவே வேண்டாம். ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான் வரும்போது அகழிக்கரை முழுக்கத் தண்ணீர் வீச்சுத்தான். சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடந்து போய் நனையுங்கள். மழை மாதங்களில் காலை வேளை பெரும்பாலும் தப்பிக்கும், மழை பிற்பகலில் கொட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர் என்ன செய்வது?

'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பாக இரண்டு எழுத்து போட்ட கடைகள் அவை. முட்டை, பால், மீன் சாறு எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டார்கள். சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்று சொன்னால் மீன் சாறு சேர்ந்தே வரும். அசைவர்கள் காவ் சோய் சாப்பிடாமல் திரும்பக் கூடாது: தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் ஊறுகாய்க் கீரையும் எலுமிச்சையும்.

தண்ணீருக்குத் தெருவோர இயந்திரங்கள் உண்டு. ஒரு பாட் நாணயம் போட்டு பாட்டிலைப் பிடித்தால் நிரம்பும்.

பஞ்சர் ஆனால்?

தள்ளிக்கொண்டே போங்கள். ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பட்டறை எப்படியும் கண்ணில் படும். சக்கரத்தைக் காட்டி 'யாங் பேன்' என்றால் புரிந்துகொள்வார்கள். பைக் டியூபில் இருப்பது போன்ற வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். கடையின் போன் எண்ணை வாடகைச் சீட்டிலிருந்து படமெடுத்து வைத்திருங்கள்.

நாய்கள்?

பகலில் தூங்கும், விடியற்காலையிலும் இரவிலும் சந்துகளில் துரத்தும். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், ரேபிஸ் அங்கேயும் உண்டு. ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலாக் காவலுக்கு 1155.

குழந்தைகளோடு போகலாமா?

தானாக ஓட்டும் குழந்தைகளை அகழிச்சாலைக்குக் கூட்டிப் போக வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ஆங் காவ் ஏரிக்கரை அவர்களுக்கு நல்லது. ஞாயிறு சாயங்காலம் ராட்சதம்னோன் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடைச்சந்தை போடுவார்கள். அங்கே கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளக்கூட இடமிருக்காது, விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

முதல் நாள் ஊரின் எல்லையைச் சுற்றும் இதே முறை வேறு ஊர்களுக்குச் சரிவருமா?

எல்லைக்கோடு தெளிவாக இருக்கும் ஊர்களுக்கெல்லாம் சரிவரும். அயுத்தயா ஆறுகள் சூழ்ந்த தீவு, அதன் கரைச்சாலையை முதலில் சுற்றலாம். வியட்நாமின் ஹுவே நகரில் கோட்டை மதிலைச் சுற்றலாம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அப்படி ஒரு கோடு கிடையாது. அங்கே கடற்கரையை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, குவீன் தெரு மாரியம்மன் கோயிலை நடுப்புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வழி கேட்கலாம் என்பது அங்கே கூடுதல் வசதி.

ஒன்றை மட்டும் கிளம்பும் முன் பாருங்கள்: மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியாவில் தாய்லாந்து போலவே இடதுபுறம். வியட்நாம், கம்போடியா, லாவோஸில் வலதுபுறம். வலதுபுறம் ஓட்டும் ஊரில் முதல் ஒரு மணி நேரம் திருப்பங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்து போங்கள், நேர்சாலையில் பிரச்சினை இருக்காது. கை பழகிய பக்கத்துக்குத் திரும்புவது சந்திப்புகளில்தான்.